மறுபடியும் ஐந்தாவது

என் மகள் ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தாள். முதல் முறை அவளாகப் படித்தாள். இரண்டாம் முறை நான் படிக்க வைத்தேன். கேட்டவர்களிடமெல்லாம், இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றியிருக்கிறோம், அங்கே ஒரு வகுப்பு இறக்கித்தான் சேர்ப்பார்கள் என்றேன். அது பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஒரு முழு வருடத்தை ஓட்டிவிடலாம். ஓட்டினேன்.

வடக்கனந்தலுக்கு மேற்கே, மலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மரவள்ளி. சாயங்காலம் எங்கள் கொல்லைக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிடும். மலை வெயிலை மறைத்துக்கொள்ளும். கிழக்கே ஊரில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே எங்கள் செடிகளின் மேல் நிழல் இறங்கிவிடும். அந்த நிழலில் உட்கார்ந்து நான் எழுதுவேன். கவிதையா உரைநடையா என்று எனக்கே தெரியாத வரிகள். பத்திரிகைகளில் வரும். ஊரில் யாரும் படிக்கமாட்டார்கள். ஆனால் நான் எழுதுகிறவன் என்பது எல்லாருக்கும் தெரியும். வேலைக்கு ஆகாதவன் என்பதை மரியாதையாகச் சொல்ல அவர்களுக்கு அது ஒரு வழி.

கிழங்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் செய்தது அங்கிருந்துதான் வந்தது. ஜவ்வரிசி மில்லில் கிழங்கை எடை மட்டும் பார்த்து எடுக்கமாட்டார்கள். லோடிலிருந்து கொஞ்சம் உருவி, மாவு எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து, அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள். பாயிண்ட் என்போம். பாயிண்ட் ஏறியிருந்தால் விலை. ஏறாவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: பிடுங்காமல் மண்ணிலேயே விட்டுவைப்பது. பத்து மாதத்தில் எடுக்க வேண்டிய கிழங்கு பன்னிரண்டு மாதம் கிடக்கும், பதினான்கு மாதம் கிடக்கும். உள்ளே மாவு கட்டும். அதில் ஒரு சூதும் உண்டு. நடுவில் மழை விழுந்து செடி புதுத் துளிர் விட்டால், கட்டின மாவெல்லாம் தண்டுக்கு ஏறிப்போய், கிழங்கு நீர் கோத்து நாராக நிற்கும். எப்போது விட்டுவைக்கலாம், எப்போது கூடாது என்பதில் எனக்கு நல்ல கணிப்பு உண்டு. ஒரு வருடம் ஊரே பிடுங்கியபோது நான் விட்டுவைத்தேன். இரண்டு பாயிண்ட் கூட வந்தது. அந்தக் கர்வம் உடம்பில் இருக்கும்போதுதான் மகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது.

இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஓர் உறைவிடப் பள்ளி. அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. ஆறாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை மட்டும் தேர்வு வைத்து எடுப்பார்கள். படிப்பு, சாப்பாடு, தங்கல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. என் சித்தப்பா மகன், பக்கத்துக் கொல்லைக்காரர், அவர் பையன் அங்கே சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. லீவுக்கு வரும்போது அந்தப் பையன் பள்ளிச் சீருடைக் கழுத்துப் பட்டையோடு கொல்லைக்கு வருவான். அவன் அப்பா வரப்பில் நின்று என்னைக் கூப்பிடுவார்.

"இன்னா தம்பி, உன் பொண்ணு எழுதலையா?"

"எழுதுவா அண்ணே."

"எழுதட்டும் எழுதட்டும். அதுல கணக்குதான் ஜாஸ்தி கேப்பான். கவிதை கேக்கமாட்டான்."

அவர் சிரிப்பார். அந்தப் பையனும் சிரிப்பான். நான் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு வேறு சாலுக்குப் போய்விடுவேன்.

முதல் முறை தயார் செய்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்று சொன்னால் அது பொய்யில்லை. காலை ஐந்து மணிக்கு எழுப்புவேன். சமையல்கட்டுத் தரையில் உட்காருவோம். அங்கேதான் கொசு கம்மி. அவளுக்கு வயது பத்து. ரெட்டைச் சடையில் ஒன்று தூக்கத்திலேயே அவிழ்ந்திருக்கும். என் மனைவி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் காலால் நகர்த்தி நகர்த்திப் போவாள். "வூட்டுக்காரம்மா வேலை செய்ற எடம் இது, உங்க ஸ்கூல் இல்ல" என்பாள். மகள் நோட்டை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "அம்மா, வழி வுட்டாச்சு, வண்டி போலாம்" என்பாள்.

விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும். கொஞ்சம் வெளியே போனாலும் எந்திரம் ஏற்காது என்று சொல்லியிருந்தார்கள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பேனா மூடியை மையில் தொட்டு வட்டம் வட்டமாக அச்சுக் குத்திக் கொடுப்பேன். ஒரு தாளுக்கு நூறு வட்டம். அவள் நாக்கை நீட்டிக்கொண்டு நிரப்புவாள். நிரப்பி முடித்ததும் தாளைத் தூக்கிப் பிடித்து, "அப்பா, எறும்புப் புத்து" என்பாள். ஒருநாள் நட்சத்திரம். ஒருநாள் மாரியம்மன் கோயிலில் அம்மை இறங்கினவர் முதுகு. அந்த ஒப்புமையை நான் திருடி ஒரு வரியில் வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

கணக்கு அவளுக்கு வரும், மெதுவாக வரும். படக் கேள்விகள்தான் அவளுக்குப் பிடித்தவை. நான்கு படத்தில் வேறுபட்டது எது, கண்ணாடியில் பார்த்தால் எப்படித் தெரியும், தாளை மடித்து ஓட்டை போட்டுப் பிரித்தால் எப்படி இருக்கும். இந்தக் கடைசி வகையில் அவள் விழுந்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் தாளைப் பிரிப்பாள். இமைக்குள் கண்மணி அசைவது தெரியும். ஒரு கேள்விக்கு முக்கால் நிமிடம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவள் நாலு நிமிடம் எடுப்பாள்.

"விடை தெரியுமா தெரியாதா?"

"தெரியும்பா. அப்பவே தெரிஞ்சிடுச்சி."

"அப்புறம் ஏன் கண்ண மூடிக்கினு இருக்க?"

"இன்னொரு தபா பிரிச்சிப் பாத்தேன்."

கள்ளக்குறிச்சியில் தேர்வு நடந்தது. வெளியே இளநீர் வண்டியை ஒட்டி நூறு அப்பா அம்மாக்கள் நின்றோம். மணி அடித்து அவள் வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. எத்தனை விட்டாய் என்று கேட்டேன்.

"எட்டு."

"எட்டா? ஏன்?"

"டைம் இல்லப்பா. ஒரு படம் வந்துச்சு, ரொம்ப அழகா இருந்துச்சு. மூணு மடிப்பு. பிரிச்சா தாமரை மாதிரி வருது. பாத்துக்கினே இருந்துட்டேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இருபது வருடமாக ஒரு வரியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு, அதற்காகத் தண்ணீர் பாய்ச்சுகிற முறையைக்கூடத் தவறவிட்டவன். அவள் கையைப் பிடித்து, அந்தத் தாமரை எப்படி இருந்தது என்று கேட்க உலகத்திலேயே தகுதியான ஆள் நான்தான். அத்தனை பேர் நடுவில், "அழகு பாக்கவா உன்ன இட்டுக்கினு வந்தேன்?" என்றேன். சத்தமாக. இளநீர்க்காரர் அரிவாளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவள் தேர்வு அட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை, எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

முடிவு வந்தது. நாற்பதில் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது. சான்றிதழ் சரிபார்க்கிற நாளில் காத்திருப்போரும் வரலாம், யாராவது விலகினால் இடம் என்று கடிதம் சொன்னது. போனோம். அலுவலக அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. நாங்களும், இன்னும் இரண்டு குடும்பமும். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அறைக்குள் போகிற ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்து, இதன் தாள்களில் ஏதாவது குறை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். யாரும் விலகவில்லை. கிளம்பும்போது மகள் பெஞ்சைக் கையால் துடைத்துவிட்டு எழுந்தாள். மீந்த புளிசோற்றுப் பருக்கை ஏதோ சிந்தியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன்.

"ரெண்டு பாயிண்ட்ல போச்சு. இன்னும் ஒரு வருஷம் விட்டுவெச்சா ஏறிடும்."

"எத விட்டுவெக்கிறீங்க?"

"அஞ்சாவதுலியே. வயசு இன்னும் கீது. இங்கிலீஷ் மீடியத்துல போட்டா அவனே ஒரு வகுப்பு எறக்கித்தான் சேப்பான். கேக்கறவங்களுக்கும் சொல்லிக்கலாம்."

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"புள்ளைய இன்னா கெழங்குன்னு நெனச்சிக்கினீங்களா?"

"ஒரு வருஷம்தானடி."

"உங்களுக்கு ஒரு வருஷம். அதுக்கு அது கூடப் படிக்கிறதுங்க எல்லாம்."

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பழைய பள்ளியில் தலைமை ஆசிரியை கேட்டார், "ஏங்க, நல்லா படிக்கிற புள்ளைங்க. ஆறாவது போனா அங்கயே முன்னுக்கு வருமே?" நான் பேசுவதற்குள் மகளிடம் திரும்பி, "உனக்கு சம்மதமா கண்ணு?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, அதைப் படித்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்றாள். அதுதான் முதல் பயிற்சி. வட்டம் நிரப்புவதைவிட நன்றாக அது அவளுக்கு வந்தது.

புதுப் பள்ளியில் அவள்தான் வகுப்பிலேயே உயரம். கடைசி பெஞ்சு. முதல் வாரம் வந்து சொன்னாள்.

"எல்லாரும் என்ன அக்கான்றாங்கப்பா."

"நல்லதுதான. மரியாதை."

"டீச்சரும் அக்காகிட்ட காட்டுன்றாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. காலையில் அவளுடைய பழைய தோழிகள் ஆறாம் வகுப்புச் சீருடையில் அதே பஸ் நிறுத்தத்துக்கு வருவார்கள். இவள் வேன் வரும்வரை புளியமரத்துக்கு அந்தப் பக்கமாக நின்றுகொள்வாள். ஒருநாள் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டாள் என்று ஓடிப்போய்க் கொடுத்தபோதுதான் பார்த்தேன். மரத்தின் பட்டையை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தாள். ஏனம்மா இங்கே நிற்கிறாய் என்று கேட்கவில்லை. "நிழலா இருக்குப்பா" என்று அவளாகவே சொன்னாள். மேகமூட்டமான காலை அது.

மறுபடி விண்ணப்பம் வந்தது. நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு விதி: இந்தத் தேர்வை முன்பே எழுதியவர்களும், ஐந்தாம் வகுப்பைத் திரும்பப் படிப்பவர்களும் எழுதத் தகுதியற்றவர்கள். இது முந்தின வருட விண்ணப்பத்திலும் இருந்திருக்கும். அப்போது அது எங்களைப் பற்றிய வரி இல்லை, அதனால் கண்ணில் படவில்லை. இப்போது நான் அதை மூன்று முறை படித்தேன். ஏன் அப்படி ஒரு விதி என்றும் எனக்குப் புரிந்தது. என்னைப் போன்றவர்கள் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளை எங்களிடமிருந்து காப்பாற்றத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள்.

கிழங்கு மண்ணில் கிடந்தாயிற்று. இனி மேலே எடுத்துப் போட்டால் அதை எங்கே கொண்டுபோவது? அப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என் கையெழுத்தில் நிரப்பினேன். முன்பு எழுதியதுண்டா என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன். அவள் விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள்.

"இல்லன்னு போட்டுட்டப்பா."

"தெரியும்."

"எழுதுனேனே."

"யாருனா கேட்டா எழுதலன்னுதான் சொல்லணும். இந்த தபா மட்டும்."

விரலை எடுத்துக்கொண்டாள். கீழே, மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்பதற்கு அடியில், மாணவர் கையொப்பம் என்று ஒரு கோடு. அவள் தன் பெயரை எழுதினாள். கொஞ்ச நாள் முன்புதான் கையெழுத்து என்று ஒன்றை அவள் உருவாக்கியிருந்தாள். கடைசி எழுத்தின் வாலை இழுத்துச் சுழித்து முடிக்கிற மாதிரி. அதைப் போட்ட முதல் தாள் அது.

சூது ஒன்று செய்தால் இன்னும் மூன்று செய்ய வேண்டியிருக்கிறது. தேர்வு மையம் கள்ளக்குறிச்சி வேண்டாம், விழுப்புரம் என்று குறித்தேன். போட்டோவுக்கு ரெட்டைச் சடையை அவிழ்த்து ஒற்றைச் சடை போடச் சொன்னேன். பொட்டையும் எடுக்கச் சொன்னேன். மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"பொட்டு இல்லாம இன்னா போட்டோ? நல்ல காரியத்துக்குப் போறப்ப."

"போன வருஷத்து மூஞ்சி மாதிரி இருக்கக் கூடாது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதிப் பார்த்திருக்கிறேன். வரவில்லை. மகள்தான் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அம்மாவின் புறங்கையில் ஒட்டினாள். "வந்து வெச்சிக்கிறேம்மா. அதுவரிக்கும் நீ வெச்சிரு" என்றாள்.

அந்த வருடம் காலை ஐந்து மணிகளில் எறும்புப் புற்று இல்லை, நட்சத்திரம் இல்லை. நான் கடிகாரத்தைத் தரையில் வைத்திருப்பேன். அவள் முக்கால் நிமிடத்தில் முடிப்பாள். மடித்த தாள் கேள்விகளுக்குக் கண்ணை மூடுவதே இல்லை. விடைகளைப் பார்த்து, இது இருக்காது, இது இருக்காது என்று கழித்துவிட்டு மிச்சத்தை நிரப்புவாள். அந்த வழியைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். விழுப்புரத்தில் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"எதுவும் விடலப்பா."

"படக் கேள்வி?"

"படத்தப் பாக்கல. விடையத்தான் பாத்தேன்."

பதினோராவது இடம். சித்தப்பா மகன் வரப்பில் நின்று, "பரவால்லியே, கணக்கும் வருதே உங்க வூட்டுக்கு" என்றார். அவருக்குத் தெரியும், அவள் மறுபடி எழுதினாள் என்று. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. விவரமானவன் என்றார்கள். இருபது வருடம் எழுதிக் கிடைக்காத மரியாதை அந்த ஒரு வாரத்தில் டீக்கடையில் எனக்குக் கிடைத்தது.

சரிபார்ப்பு நாளன்று அதே பள்ளி, அதே வாசல். காவலாளி நிமிர்ந்து பார்த்தார். "உங்கள எங்கியோ பாத்த மாதிரி கீதே சார்" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருப்பீர்கள் என்றேன். மகள் என் கையை விட்டுவிட்டுப் பையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

அறைக்கு வெளியே அதே நீள பெஞ்சு. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரில் ஒருத்தி சின்னப் பெண். பச்சைப் பாவாடை, காலில் புதுச் செருப்பு, அப்பாவின் துண்டை விரித்து மடியில் டிபன் வைத்திருந்தாள். எங்களைப் பார்த்தார்கள். நான் போன வருடம் பார்த்த மாதிரிதான் பார்த்தார்கள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். பிறப்புச் சான்றிதழில் நின்றார்.

"வயசு ஒண்ணு ஜாஸ்தியா இருக்கே?" என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க இருங்க. பாப்பா, நீ சொல்லும்மா. இதுக்கு முன்னாடி இந்தப் பரீட்சை எழுதியிருக்கியா?"

மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இல்லீங்க மேடம்."

"அஞ்சாவது ஒரு தடவதான் படிச்சியா?"

"ஆமாங்க மேடம். எனக்குச் சின்னதுல அம்மை போட்டுச்சு. முதுகு பூரா. ஒரு வருஷம் ஸ்கூல்ல சேக்கல. அதான் லேட்டு."

அவளுக்கு அம்மை போட்டதே இல்லை.

நான் அவளுக்கு எழுதலன்னு சொல்லு என்று மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அம்மை நான் சொல்லித் தராத வரி. முதுகு பூரா என்பது அதற்கும் மேலே. வட்டம் வட்டமாக நிரப்பின தாளைத் தூக்கிப் பிடித்து அன்றைக்கு அவள் சொன்னது அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாவின் முகம் இளகியது. "ஐயோ பாவம்" என்றார். கண்ணாடியை இறக்கிக் கையெழுத்துப் போட்டார்.

இந்த இடத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைக்கிறேன். அந்தக் கணம் எனக்குள் வந்தது வெட்கம் இல்லை. பெருமை. என்ன பொருத்தமான வரி, என்ன இடத்தில் வைத்தாள் என்று. என் பிள்ளை என்று. ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வெளியே வரும்போது பெஞ்சில் இருந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்ததும் விவரம் தெரிந்துவிட்டது அவர்களுக்கு. பச்சைப் பாவாடைக்காரி டிபனைத் திறந்து சாப்பிடத் தொடங்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மலை தெரிய ஆரம்பித்ததும் கேட்டாள்.

"சரியா சொன்னேனாப்பா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "சரியா சொன்ன" என்றேன்.

இன்னும் கொஞ்ச தூரம்.

"அந்த பெஞ்சுல ஒரு பொண்ணு இருந்துச்சேப்பா. நம்ம போன வருஷம் குந்திக்கினு இருந்தோமே, அங்க."

"ம்."

"அவங்கப்பாவும் அத திருப்பி அஞ்சாவதுல சேப்பாரா?"

கண்டக்டர் வந்தார். ஏற்கெனவே வாங்கிய டிக்கெட்டை நான் சட்டைப்பையில் தேடினேன். கிடைத்த பிறகும் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் அங்கே சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மதிப்பெண்கள் நன்றாக வருகின்றன. அன்று கையெழுத்துப் போட்ட அந்த அம்மாவுக்கு உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் எழுத எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். எழுதி அனுப்பினால் எனக்கு நெஞ்சு லேசாகும். பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கப்போவது அவள். புளியமரத்துக்குப் பின்னால் அவளை இன்னொரு முறை நிறுத்துவேனா? இப்படி ஒரு நியாயம் கையில் இருப்பதும் வசதியாகத்தான் இருக்கிறது. பச்சைப் பாவாடைக்காரியை யார் நினைப்பது? நான்தான் நினைக்கிறேன், ஒன்றும் செய்யாமல்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போனில் பேச விடுவார்கள். நான் கொல்லையில் இருந்தால்கூட ஓடிவந்துவிடுவேன்.

"எப்படிம்மா கீற?"

"நல்லா இருக்கேன்பா." இப்போது கீறேன் என்று அவள் சொல்வதில்லை.

"சாப்பாடு?"

"சப்பாத்தி போட்டாங்கப்பா. குருமா. ரெண்டு சாப்ட்டேன், இன்னொண்ணு கேட்டு வாங்கிக்கினேன். பக்கத்து பெட் பொண்ணு என் கையில மருதாணி வெச்சிச்சு, செவக்கவே இல்ல."

குரலில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது சப்பாத்தியும், சிவக்காத மருதாணியும்கூடச் சரியான இடத்தில் இருக்கின்றன. வெறுமனே நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன். சின்னச் சின்ன விவரங்கள் சேரச் சேர எனக்கு அந்த அறையின் மின்விசிறிச் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. அவள் சொல்வது முழுக்க உண்மையாக இருக்கலாம். பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். கண்டுபிடிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

போன வாரம் நான் பேசி முடித்ததும் மனைவி போனை வாங்கிக்கொண்டு அடுப்பு பக்கம் போனாள். நெடுநேரம் ம், ம் என்று மட்டும் கேட்டாள். பிறகு வைத்துவிட்டு வந்து கிழங்கு சீவ உட்கார்ந்தாள். அந்த வாரம் நாங்கள் பிடுங்கிய புதுக் கிழங்கு.

"இன்னா சொன்னா?"

"ரெண்டு நாளா ஜொரமாம். நேத்துதான் வுட்டுச்சாம்."

"என்னாண்ட நல்லா இருக்கேன்னாளே. மூணு சப்பாத்தி துன்னேன்னா."

அவள் தோலை ஒரே இழுப்பில் உரித்துக் கீழே போட்டாள்.

"உங்களாண்ட எத சொன்னா சரியோ அத சொல்றா."

சீவின கிழங்கைத் தண்ணீரில் போட அவள் குண்டானை என் பக்கம் தள்ளினாள். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன்.